குட்டி பிரித்த தாய்ப்பன்றிகளை மறுபடி ஒரே கொட்டிலில் சேர்ப்பது எப்படி?

மூன்று நான்கு வாரம் தனித்தனிக் கூண்டில் குட்டிகளோடு கிடந்த தாய்ப்பன்றிகளை, குட்டி பிரித்த கையோடு ஒன்றாக விட்டால் சண்டை வரும். வராமல் இருக்கவே இருக்காது. புதிதாகப் பன்றி வளர்க்க வந்தவர்கள் இதை எப்படியாவது தடுத்துவிடப் பார்ப்பார்கள். தடுத்தால் சண்டை நாளைக்குத் தள்ளிப்போகுமே ஒழியத் தீராது. நம் கையில் இருப்பது மூன்றுதான்: சண்டை எந்த நாளில் நடக்கிறது, எந்தத் தரையில் நடக்கிறது, தோற்ற பன்றிக்கு ஓடி ஒதுங்க இடம் இருக்கிறதா. இவற்றைச் சரியாக அமைத்துவிட்டால் இரண்டு நாளில் கீறல்களோடு முடிந்துவிடும். அமைக்காமல் விட்டால் கால் உடைவது, கரு கலைவது, ஒன்றிரண்டு பன்றி எலும்பும் தோலுமாக மெலிவது என்று அடுத்த ஈற்று வரை அதன் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

சண்டை இரண்டு வகை

முதல் வகை, யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும் சண்டை. ஒன்றையொன்று அறியாத இரண்டு பன்றிகள் முதலில் மூக்கோடு மூக்கு வைத்து முகரும். பிறகு காது, விலா என்று முகர்ந்துகொண்டே பக்கவாட்டில் ஒட்டி நிற்கும். குட்டை உறுமல் கேட்கும். தோளோடு தோள் வைத்து அழுத்தியபடி வட்டமாகச் சுற்றும்போதே தலையைக் கீழிருந்து மேலே வீசும். வாய் திறந்திருக்கும், கடி கழுத்திலும் காதிலும் தோளிலும் விழும். சில நொடியிலும் முடியலாம், சில நிமிடமும் நீளலாம். ஏதோ ஒரு கட்டத்தில் ஒன்று தலையைத் திருப்பிக்கொண்டு ஓடும். வென்றது நாலு எட்டு துரத்திவிட்டு நின்றுவிடும். அந்த ஜோடிக்குள் கணக்கு தீர்ந்தது.

பன்றிக்கு “நான் தோற்றுவிட்டேன்” என்று சொல்ல ஓடுவது ஒன்றுதான் வழி. குறுகலான கொட்டிலில் அது இரண்டு மீட்டர் ஓடிச் சுவரில் முட்டித் திரும்பி நிற்கும். திரும்பிய முகத்தை வென்ற பன்றி மறு சவாலாக எடுத்துக்கொள்ளும். முடிந்த சண்டை மறுபடி தொடங்கும். இட அளவைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இப்படிப்பட்ட சண்டைகளில் பெரும்பாலானவை முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் கூட்டம் நிலைக்கு வந்துவிடும்.

இரண்டாவது வகை தீவனத்துக்கும் தண்ணீருக்கும் படுக்கும் இடத்துக்குமான சண்டை. இதற்கு முடிவு கிடையாது, தினமும் நடக்கும். முதல் வகைக்குப் பன்றியின் இயல்பு காரணம். இரண்டாவதற்கு நாம் கட்டிய கொட்டிலும் தீவனம் போடும் முறையும் காரணம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, பத்தாவது நாளிலும் நடக்கும் தீவனச் சண்டையை “இன்னும் பழகவில்லை” என்று விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

எந்த நாளில் சேர்ப்பது

குட்டி பிரித்த நாளை 0 என்று வையுங்கள். நன்றாகத் தின்று தேறிய தாய்ப்பன்றி 4 முதல் 6 நாளில் பருவத்துக்கு வரும். கருவூட்டிய பின் கரு முதல் பத்துப் பன்னிரண்டு நாள் கருப்பைக்குள் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும். 11, 12-ஆம் நாள் வாக்கில்தான் கருக்கள் தாயின் உடம்புக்குத் தாங்கள் இருப்பதைத் தெரிவிக்கின்றன. அந்தச் சமயத்தில் குறைந்தது நான்கு கருவாவது உயிரோடு இல்லாவிட்டால் சினை நிலைக்காது. பன்றி மறுபடி பருவத்துக்கு வந்துவிடும். 13, 14-ஆம் நாளில் ஒட்டத் தொடங்கும் கரு உறுதியாகப் பதிய நான்கு வாரம் ஆகும்.

ஆகவே கருவூட்டிய 4-ஆம் நாளிலிருந்து 28-ஆம் நாள் வரை கூட்டத்தைக் கலைக்கவோ புதிதாகச் சேர்க்கவோ கூடாது. அந்த நாட்களில் நடக்கும் சண்டைக்கு விலை, திரும்பப் பருவத்துக்கு வரும் பன்றிகளும் சிறுத்துப்போகும் ஈற்றும். சண்டை நடந்த அன்று எதுவும் தெரியாது. மூன்று வாரம் கழித்து “விந்து சரியில்லை” என்று பழியை வேறு இடத்தில் போடுவார்கள்.

மிச்சம் இருப்பவை மூன்று வாய்ப்புகள்.

குட்டி பிரித்த அன்றே சேர்ப்பது முதல் வாய்ப்பு. வயிற்றில் கரு இல்லாததால் இழக்க ஒன்றும் இல்லை. பருவம் வருவதற்குள் சண்டை ஓய்ந்துவிடும். ஆனால் பருவத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதைச் சமாளிக்க வேண்டும், தரை நன்றாக இருக்க வேண்டும்.

கடைசிக் கருவூட்டலுக்குப் பிறகு இரண்டு மூன்று நாளுக்குள் சேர்ப்பது இரண்டாவது. இடைவெளி மிகக் குறுகியது. பருவத்தில் இருக்கும் பன்றி முதுகில் அழுத்தினால் அசையாமல் நிற்கும்; அந்த நிலை முழுதாக முடிந்திருக்க வேண்டும். 4-ஆம் நாளும் வந்திருக்கக் கூடாது. எல்லாப் பன்றியும் ஒரே நாளில் பருவத்துக்கு வராததால், சின்னப் பண்ணையில் இந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவராது.

கருவூட்டிய 28 நாளுக்குப் பிறகு, சினை உறுதி செய்துவிட்டுச் சேர்ப்பது மூன்றாவது. 35-ஆம் நாள் என்றால் இன்னும் நிம்மதி. அதுவரை தனித்தனி இடம் வேண்டும் என்பதுதான் செலவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி 1 முதல், பத்துக்கும் குறைவான தாய்ப்பன்றி வைத்திருக்கும் சின்னப் பண்ணைகள் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கட்டாயமான விதியும் நான்கு வாரம் என்ற இந்த எல்லையையே வைத்திருக்கிறது: கருவூட்டி நான்கு வாரம் ஆனதிலிருந்து, ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பு வரை, பன்றிகள் கூட்டமாக இருக்க வேண்டும்.

வழுக்காத தரையும் போதிய இடமும் இருந்தால் முதல் வழியே நல்லது. தரை வழவழவென்று இருந்தால் அந்த ஆசையை விட்டுவிட்டு மூன்றாவதற்குப் போங்கள்.

யாரை யாரோடு

பன்றிக்கு முகமும் வாசனையும் நன்றாக நினைவிருக்கும். ஈனுவதற்கு முன்பு ஒரே கொட்டிலில் இருந்தவை ஐந்தாறு வாரம் பிரிந்திருந்த பிறகும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். அவற்றுக்குள் சண்டை கணிசமாகக் குறையும். எனவே முதல் விதி: பழைய கூட்டத்தை உடைக்காதீர்கள். ஒரே வாரத்தில் ஈனுகிற மாதிரி கருவூட்டி, ஒன்றாகக் கூண்டுக்குப் போய், ஒன்றாகக் குட்டி பிரித்து, ஒன்றாகவே திரும்பி வரும் கூட்டம்தான் இந்த வேலையில் பாதியைக் குறைக்கிறது. இதைச் செய்ய ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

தலையீற்றுப் பன்றிகளைத் தனியாக வையுங்கள். இவை இன்னும் வளர்ந்து முடியாதவை. முதல் பால் கொடுப்பில் நிறைய எடை இழந்தவை. ஐந்து ஈற்று கண்ட 250 கிலோ பன்றியோடு சேர்த்தால் அவை சண்டைகூடப் போடாது, வெறுமனே அடி வாங்கும். தனிக்கொட்டில் கட்ட முடியாவிட்டால், இரண்டு மூன்று தலையீற்றுப் பன்றிகளை ஒன்றாகப் பழக்கி ஜோடியாக உள்ளே விடுங்கள். அதற்கு முன் ஒரு வாரம் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வைத்து மூக்கால் தொட்டுப் பழக விட்டால், சேர்க்கும் நாளில் வேகம் குறையும்.

உடல் நிலையை 1 முதல் 5 வரை மதிப்பிடும் வழக்கத்தில், குட்டி பிரிக்கும்போது 2.5-க்குக் கீழே இருப்பவற்றைப் பெரிய கூட்டத்தில் விடாதீர்கள். உள்ளங்கையை இடுப்பெலும்பின் மேல் வைத்து லேசாக அழுத்துங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட்டால் அது மெலிந்த பன்றி. அப்படி இரண்டு மூன்று இருந்தால் அவற்றையே ஒரு கூட்டமாக்கித் தேற்றுங்கள். நொண்டுவது, மடி கல்லாக இறுகிச் சூடாக இருப்பது, காய்ச்சலில் இருப்பது எதுவும் சேர்க்கும் நாளில் உள்ளே போகக் கூடாது.

கொட்டில்

சேர்க்கும் முதல் சில நாளுக்கு ஒரு பன்றிக்கு 3.5 சதுர மீட்டர் கணக்கு வையுங்கள். 4 கிடைத்தால் இன்னும் நல்லது. கூட்டம் அடங்கிய பிறகு குறைத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன ஐரோப்பிய விதியில் கூட்டமாக இருக்கும் தாய்ப்பன்றிக்குக் குறைந்தபட்சம் 2.25 சதுர மீட்டர், முதல் சினையில் இருப்பதற்கு 1.64. இவை குறைந்தபட்ச அளவுகள். சண்டை நடக்கும் நாளுக்குப் போதாது.

8 பன்றி என்றால் 28 சதுர மீட்டர். இதை 4-க்கு 7 மீட்டராகவும் கட்டலாம், 2-க்கு 14 ஆகவும் கட்டலாம். இரண்டாவதில் பரப்பு அதேதான், ஆனால் பயன் இல்லை. தாய்ப்பன்றியின் நீளமே கிட்டத்தட்ட 2 மீட்டர். குறுக்காக நின்றால் வழி அடைபட்டுவிடும். இரண்டு பன்றி ஒன்றையொன்று உரசாமல் கடந்துபோக 3 மீட்டர் அகலம் வேண்டும்.

நடுவில் ஒன்றிரண்டு தடுப்புச் சுவர் வையுங்கள். நீளம் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், உயரம் ஒரு மீட்டர், ஊடே பார்க்க முடியாத கெட்டியான பலகையோ சுவரோ. துரத்தும் பன்றியின் கண்ணிலிருந்து மறைந்தாலே பாதி துரத்தல் நின்றுவிடும். தடுப்பின் இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையைப் பக்கச் சுவரோடு ஒட்டவைத்துவிட்டால் அங்கே ஒரு முட்டுச்சந்து உருவாகும். தோற்ற பன்றி அதற்குள் மாட்டிக்கொண்டால் வெளியே வர வழியில்லாமல் பின்பக்கம் முழுக்கக் கடி வாங்கும். அப்படித் தடுப்பு வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம்.

தரையைச் சோதிக்க ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, ரப்பர் பூட்ஸ் குதிகாலை ஊன்றித் திரும்பிப் பாருங்கள். உங்கள் கால் வழுக்கினால், இருநூறு கிலோ உடம்பைத் தோளால் தள்ளும் பன்றியின் பின்னங்கால் விரிந்தே தீரும். சிமெண்டில் கோடு கீறிச் சொரசொரப்பாக்குங்கள். வைக்கோலோ மரத்தூளோ 15 சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்புங்கள். பலகைத் தரையாக இருந்தால் இடைவெளி 20 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. குளம்பு சிக்கிப் பிளந்துவிடும்.

பிறகு பன்றியின் தோள் உயரத்தில் சுவரெங்கும் கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். துருத்திய போல்ட், கிழிந்த தகரம், உடைந்த தீவனத் தொட்டி விளிம்பு எல்லாம் கைக்குத் தட்டுப்படும். கதவை மறக்காதீர்கள். பன்றி மூக்கைக் கீழே கொடுத்துத் தூக்கினால் சாதாரணக் கீலிலிருந்து கதவு கழன்று வந்துவிடும். கதவைத் தாங்கும் இரண்டு கீல் ஊசிகளில் மேலுள்ளதைத் தலைகீழாக மாட்டினால் தூக்க முடியாது.

தண்ணீர் இரண்டு இடத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். ஒரே ஒரு நிப்பிள் (பன்றி வாயால் அழுத்திக் குடிக்கும் குழாய் முனை) இருந்தால் மூத்த பன்றி அதன் முன்னால் படுத்துக்கொள்ளும், கதை முடிந்தது. நிப்பிளின் அடியில் ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள்: 30 நொடிக்குள் நிரம்ப வேண்டும். அதாவது நிமிடத்துக்கு 2 லிட்டர்.

சேர்க்கும் நாள்

1. காலையில் கூண்டிலேயே வழக்கமான தீவனத்தைக் கொடுங்கள். பால் வற்றுவதற்காகக் குட்டி பிரிக்கும் நாளில் தீவனமும் தண்ணீரும் நிறுத்தும் பழைய வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தேவையே இல்லை. குட்டி குடிக்காமல் மடியில் பால் தேங்கும்போது சுரப்பு தானே நின்றுவிடும். பட்டினி போட்டால் பசித்த பன்றிகளின் சண்டைதான் மிச்சம், பருவமும் தள்ளிப்போகும்.

2. ஒவ்வொரு பன்றியின் கால், குளம்பு, மடி, காம்பு பாருங்கள். முதுகில் பெரிய எண்ணாகச் சாய அடையாளம் போடுங்கள். இருட்டிலும் கூச்சலிலும் காது வில்லையைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

3. சேர்க்கும் கொட்டில் எல்லாப் பன்றிக்கும் புது இடமாக இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு பன்றி குடியிருந்த கொட்டிலில் மற்றவற்றைக் கொண்டுபோய் விட்டால், வீட்டுக்காரி போல அது ஒவ்வொன்றாக எதிர்கொள்ளும். கழுவிக் காயவைத்த, பழைய வாசனை இல்லாத இடம்தான் சரி.

4. உள்ளே விடுவதற்கு முன்பே தீவனத்தைப் பரப்பி வையுங்கள். 8 பன்றிக்கு 10 குவியல், குவியலுக்கும் குவியலுக்கும் 2 மீட்டராவது இடைவெளி. பன்றியின் எண்ணிக்கையைவிட இரண்டு குவியல் கூடுதலாக இருப்பது முக்கியம். துரத்தப்பட்டது போய்ச் சேர இன்னொரு குவியல் காலியாக இருக்கும். வைக்கோலுக்குள் கொஞ்சம் தானியத்தைத் தூவினால் கிளறிக்கொண்டே ஒரு மணி நேரம் போகும்.

5. வெயில் இறங்கிய பிறகு, ஆனால் இருட்டுவதற்கு மூன்று மணி நேரமாவது மிச்சம் இருக்கும்போது விடுங்கள். பன்றிக்கு வியர்த்து உடம்பைக் குளிர்விக்க முடியாது. 25 டிகிரிக்கு மேல் சும்மா இருப்பதே அதற்குக் கஷ்டம்; அந்தச் சூட்டில் சண்டை போட்டால் மூச்சுத் திணறிச் சாகும் பன்றியும் உண்டு. தண்ணீர் தெளிப்பதானால் ஒரு மூலையில் மட்டும் தெளியுங்கள். தரை முழுக்க நனைந்தால் வழுக்கும்.

6. எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்குள் உள்ளே அனுப்பிவிடுங்கள். காலையில் இரண்டு, மாலையில் நான்கு என்று தவணை முறையில் விட்டால் ஒவ்வொரு தவணைக்கும் புதுச் சண்டை.

7. பக்கத்துக் கொட்டிலில் வளர்ந்த ஆண் பன்றி இருந்தால் நல்லது. கம்பி வழியாக அதன் வாசனையும் சத்தமும் கவனத்தைக் கொஞ்சம் பிரிக்கும், பருவம் வரவும் உதவும். சண்டையை அது அடக்கிவிடும் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

8. பிறகு வெளியே நில்லுங்கள். முதல் இரண்டு மணி நேரம் யாராவது ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

எப்போது குறுக்கே போவது

கூச்சல் கேட்டவுடன் ஓடாதீர்கள். பன்றி அலறுவதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. தோற்றுக்கொண்டிருக்கும் பன்றி எப்போதும் அலறும். இரண்டு பன்றி சமமாக மோதிக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். பாதியில் பிரித்தால் கணக்கு தீராமல் இரவில், யாரும் இல்லாதபோது, மீதி நடக்கும்.

தலையிட வேண்டிய நேரம் வேறு. கீழே விழுந்த பன்றி எழ முடியாமல் கடி வாங்குவது. ஓடும் பன்றியை ஒன்றுக்கு மேற்பட்டவை விடாமல் துரத்துவது. ஒரு காலைத் தூக்கியபடி நிற்பது. வாயைத் திறந்து, நாக்கு நீலம் பாய்ந்து மூச்சு வாங்குவது. இதில் எதைப் பார்த்தாலும் போக வேண்டும். கையோடு ஒரு கெட்டிப் பலகை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், முக்கால் மீட்டர் உயரம், மேலே கைப்பிடித் துளை. இரண்டு பேராகப் போங்கள். பலகையை இரண்டு தலைகளுக்கு நடுவே இறக்கிப் பார்வையை மறைத்தால் பெரும்பாலும் விலகிவிடும். பலகைக்குப் பின்னால் உங்கள் முழங்கால் இருக்கட்டும், முன்னால் கை போகவே கூடாது. கோலால் அடிப்பது பயனற்றது. அந்த வெறியில் அடி வலிக்காது, இன்னும் மூர்க்கமாகும்.

வெளியே எடுக்க வேண்டியது யாரை? அடி வாங்கியதைத்தான் எடுக்கத் தோன்றும். காயம்பட்டிருந்தால் அது சரி. ஆனால் ஒரே ஒரு முரட்டுப் பன்றி எல்லாவற்றையும் விடாமல் தேடித் தேடி அடித்துக்கொண்டிருந்தால் அதையே எடுத்து, தன்னைவிடப் பெரிய பன்றிகள் உள்ள கூட்டத்துக்கு மாற்றுங்கள்.

பருவம் வரும் நாட்கள்

3-ஆம் நாள் மாலையிலிருந்து இன்னொரு தொல்லை தொடங்கும். பருவத்துக்கு வரும் பன்றி மற்றவற்றின் மேல் ஏறும். கீழே இருப்பது ஓடும், மேலே இருப்பது சரிந்து விழும். தொடை விரிவதும் குளம்பு பிய்வதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். சண்டை நாளில் அல்ல. மடி இன்னும் கொஞ்சம் வீங்கியிருப்பதால் காம்புகளும் மிதிபடும்.

தனித்தனியாக அடைக்கக் கூண்டுகள் இருந்தால் 3-ஆம் நாள் மாலை முதல் கருவூட்டல் முடியும் வரை அவற்றில் வைத்துவிட்டு, நிற்கும் நிலை முடிந்தவுடன் அதே கூட்டத்தை அதே கொட்டிலுக்குத் திருப்பி அனுப்புங்கள். நாலைந்து நாள் பிரிவு என்பதால் புதுச் சண்டை பெரிதாக இருக்காது. கூண்டு இல்லையென்றால் காலையும் மாலையும் பார்த்து, அந்த நேரத்தில் மும்முரமாக ஏறிக்கொண்டிருக்கும் பன்றியையாவது தனியே அடைத்து வைக்கும் இடத்தில் விடுங்கள். மெலிந்தது ஒன்று எல்லோரும் ஏறும் குதிரையாக மாட்டிக்கொண்டிருந்தால் அதையும் எடுங்கள்.

தீவனச் சண்டை

குட்டி பிரித்து கருவூட்டும் வரை ஒரு பன்றிக்கு நாளுக்கு 3 முதல் 3.5 கிலோ. கருவூட்டிய பின் 2 முதல் 2.5 கிலோ. தீவனம் குறைக்கும் அந்த நாளில்தான் இரண்டாம் வகைச் சண்டை தலைதூக்கும். இரண்டரைக் கிலோ அடர்தீவனத்தைத் தாய்ப்பன்றி இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடும். சத்து போதும், வயிறு நிறைந்திருக்காது. தின்று முடித்த மூத்த பன்றி பக்கத்தில் இருப்பதைத் தள்ளிவிட்டு அதன் பங்கையும் தின்னும்.

இதற்கு உறுதியான வழி, பன்றியின் முழு உடம்பும் உள்ளே அடங்கும் தடுப்புகள்: நீளம் 2 மீட்டருக்கு மேல், ஒவ்வொன்றுக்கும் ஒன்று, பின்பக்கம் கதவோடு. தோள் வரை மட்டும் மறைக்கும் தடுப்பு என்றால் பின்னாலிருந்து கடி விழும். நீளத் தொட்டி என்றால் ஒரு பன்றிக்கு அரை மீட்டர் விளிம்பு விடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் தீவனம் விழ வேண்டும். ஒரு முனையிலிருந்து போட்டுக்கொண்டே வந்தால் மறு முனைக்குப் போவதற்குள் எல்லாம் முதல் முனையில் குவிந்துவிடும். நார்ச்சத்து கூட்டுங்கள்: தவிடு, வைக்கோல், பசும்புல். நிறைந்த வயிறு படுத்துக்கொள்ளும்.

ஒவ்வொன்றாக உள்ளே போய்த் தின்னும் தானியங்கி நிலையங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. வரிசையில் நிற்பது முன்னால் இருப்பதன் பிறப்புறுப்பைக் கடித்துவிடும். மூன்று பன்றிக்கு அந்த இடத்தில் காயம் பார்த்தால் நிலையத்தின் நுழைவாயிலில் நெரிசல் இருக்கிறது என்று அர்த்தம்.

கீறலைப் படிப்பது

மறுநாள் காலை ஒவ்வொரு பன்றியையும் தலையிலிருந்து வால் வரை பாருங்கள். எண்ணிக்கையைவிட இடம் அதிகம் சொல்லும். காது, கழுத்து, தோள் இவற்றில் புதுக் கீறல் என்றால் அது முகத்துக்கு முகம் நின்று போராடியது, கவலைப்பட வேண்டாம். முன்பக்கம் சுத்தமாக இருந்து தொடையிலும் விலாவிலும் வாலடியிலும் கீறல் என்றால் அது ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது, ஒதுங்க இடம் கிடைக்கவில்லை. உடம்பில் ஒரு கீறலும் இல்லாமல் மூலையில் தலையைச் சுவர் பக்கம் திருப்பிப் படுத்திருந்து, தீவனம் விழும்போதும் எழாமல் இருக்கிறதே, அதுதான் முதலில் கவனிக்க வேண்டியது. சண்டையே போடாமல் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துவிட்டது. இரண்டு வேளை தின்னாமல் இருந்தால் வெளியே எடுங்கள்.

5-ஆம் நாளிலும் புதுச் சிவப்புக் கீறல் வந்துகொண்டே இருந்தால் அது தீவனம், தண்ணீர் அல்லது இடம். பன்றியைக் குறை சொல்வதற்கு முன் தொட்டியின் நீளத்தை அளந்து பாருங்கள்.

காயம்

மேலோட்டமான கீறலைக் கழுவி அயோடின் கரைசல் தடவினால் போதும்; ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடும். ஈ மொய்க்கும் காலத்தில் ஈ விரட்டும் மருந்தைச் சுற்றிலும் தடவுங்கள், இல்லாவிட்டால் புழு வைத்துவிடும். பிறப்புறுப்பில் கடிபட்டால் ரத்தம் பயமுறுத்தும் அளவுக்குக் கொட்டும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடித்து, தனியே அடையுங்கள். ரத்த வாசனைக்கு மற்றவை மறுபடி அதே இடத்தைக் கடிக்கும் என்பதால் உடனே எடுப்பது முக்கியம். ரத்தம் நிற்காவிட்டாலும், கால் ஊன்றாவிட்டாலும், ஆழமான காயம் சீழ் பிடித்தாலும், உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினாலும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பலிக்காத குறுக்குவழிகள்

எல்லாப் பன்றிக்கும் ஒரே வாசனைத் திரவத்தைப் பூசுவது, டீசல் தடவுவது போன்ற யோசனைகள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. வாசனை போனதும் சண்டை வரும். டீசல் தோலைப் புண்ணாக்கும், செய்யாதீர்கள். மயக்க ஊசி போட்டால் அந்தச் சில மணி நேரம் அமைதி. மருந்து தெளிந்த பிறகு அதே சண்டை, இந்த முறை ராத்திரியில். இருட்டில் விடுவதும் அப்படித்தான்: தள்ளிப்போடும், குறைக்காது, நீங்கள் பார்க்கவும் முடியாது.

பின்னால் வரும் ஒற்றைப் பன்றி

காயத்துக்காக வெளியே எடுத்த பன்றியைத் திருப்பி விடும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூட்டம் அதற்குள் ஒழுங்காகிவிட்டிருக்கும். தனியாக உள்ளே போவதன் மேல் மற்ற எல்லாம் சேர்ந்து பாயும். மூன்று நான்கு நாளில் திருப்பினால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்கு மேல் ஆனால், அதே கூட்டத்திலிருந்து அதனோடு ஒட்டிப் படுக்கும் ஒன்றை வெளியே எடுத்து இரண்டையும் இரண்டு நாள் ஒன்றாக வைத்து, ஜோடியாகத் தீவன நேரத்தில் விடுங்கள். கருவூட்டி 4-ஆம் நாள் கடந்துவிட்டதென்றால் இதையும் செய்யாதீர்கள். 28 நாள் வரை கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம், மற்றவை மூக்கால் தொட முடிகிற தூரத்தில் தனியே இருக்கட்டும்.